முந்திரிக் கடைக்கு வெப்சைட்: விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அரியாங்குப்பத்தில் சின்னக் கடை. அம்மா வீடு பண்ருட்டிப் பக்கம் என்பதால் அங்கிருந்து முந்திரிப் பருப்பு எடுத்து வந்து, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு விற்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது. தீபாவளிக்குள் புது லேபிள் அச்சடித்து அதில் வெப்சைட் முகவரியும் போட ஆசை. ஒரு நிறுவனம் 45,000 ரூபாய் கேட்கிறது. அக்கா மகன் "நான் சும்மாவே பண்ணித் தரேன் சித்தி" என்கிறான். "எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எங்கே வாங்கலாம், எவ்வளவு ஆகும்?" என்று முடித்திருக்கிறீர்கள். எழுத்தில் இருப்பது விலை. ஆனால் படிக்கிறவர்களுக்கு வேறொன்றும் கேட்கிறது: தெரியாத விஷயத்தில் காசு போட்டு ஏமாந்துவிடக் கூடாதே என்ற கவலை. அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் மஞ்சக்குப்பத்தில் டிடிபி வேலையில் ஆரம்பித்து, பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கடலூர், புதுச்சேரி வட்டாரக் கடைகளுக்கு வெப்சைட் செய்து வருகிறவன். ஆடிட்டர் இல்லை, வக்கீலும் இல்லை. அந்த இரண்டு பக்கமும் போக வேண்டிய இடம் வரும்போது சொல்கிறேன்.

முதலில் பணக் கணக்கு, இது சுலபம். வெப்சைட் என்று ஒரே சொல்லாகச் சொன்னாலும் காசு போவது மூன்று விஷயத்துக்கு: பெயர், அதாவது டொமைன், பக்கங்களை வைக்க சர்வரில் இடம், அதாவது ஹோஸ்டிங், பக்கங்களைச் செய்து தருகிறவரின் கூலி. டாட் காம் பெயருக்கு வருடத்துக்குச் சுமார் 1,000 முதல் 1,500 ரூபாய் ஆகும், டாட் இன் கொஞ்சம் குறைவு. 99 ரூபாய், 199 ரூபாய் என்று கண்ணில் படும் விளம்பரங்கள் முதல் வருடத்துக்கு மட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது அடுத்த வருடம் புதுப்பிக்கும் விலையை. அது பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். சாதாரண ஹோஸ்டிங் மாதம் 150, 200 ரூபாய் என்பார்கள், ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால்தான் அந்த விலை, புதுப்பிக்கும்போது அதுவும் ஏறும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் அளவுக்குப் பெயரும் இடமும் சேர்ந்து வருடம் 5,000 ரூபாயைத் தாண்டத் தேவையில்லை. மீதி எல்லாம் கூலி. 45,000 அதிகமா என்றால், அவர்களே படம் எடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ஒரு வருடம் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். வாங்கிவைத்த டிசைனில் உங்கள் போன் நம்பரை மாற்றித் தருவதற்கு என்றால் அநியாயம். என்னென்ன வேலை என்று எழுதித் தரச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். அந்தக் காகிதத்தில் "எஸ்எஸ்எல் 4,000" என்று தனி வரி இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வெப்சைட் பாதுகாப்பாகத் திறக்க உதவும் அந்தச் சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு பல வருடமாக இலவசமாகவே தருகிறது.

இனி இந்தப் பதிலில் எனக்கு முக்கியமான இடம். கடலூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தபோது கையில் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். பையில் கடைப் பெயர், கீழே வெப்சைட் முகவரி. அதைப் போனில் அடித்துப் பார்த்தால் ஏதோ சூதாட்ட விளம்பரம் திறக்கிறது. நடந்தது இதுதான்: வெப்சைட் செய்து கொடுத்தவர் பெயரைத் தன் மெயிலில், தன் கணக்கில் பதிந்துவிட்டார். இரண்டு வருடம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் அவர் வேறு வேலைக்குப் போனார், நம்பர் மாறியது, புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் எல்லாம் யாரும் பார்க்காத ஒரு பெட்டிக்குப் போயின. பெயர் காலாவதியாகி வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். கடைப் பலகை, பில் புத்தகம், ஆயிரத்துச் சொச்சம் பைகள், எல்லாவற்றிலும் அந்த முகவரி. பலகைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பைகளில் அவர் மனைவியும் கடைப் பையனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஸ்டிக்கர் ஒட்டினார்கள். செய்தவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. கேட்கத் தெரியாததால் இவர் கேட்கவில்லை, கேட்காததால் அவர் சொல்லவில்லை.

ஆகவே யார் செய்தாலும், சொந்த அக்கா மகனே செய்தாலும், பெயரை மட்டும் நீங்கள் வாங்குங்கள். உங்கள் மெயில், உங்கள் போன் நம்பர், உங்கள் பணம், ரசீது உங்கள் பெயரில். அதற்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. போனில் ரீசார்ஜ் செய்யத் தெரிந்தால் போதும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லட்டும், ஓடிபி உங்கள் போனுக்கு வரட்டும். பெயர் உங்களுடையதுதான் என்பதற்குச் சான்று கலர் பிரிண்டில் வரும் சர்டிபிகேட் இல்லை, அந்தக் கணக்குக்குள் நீங்களே லாகின் செய்ய முடிகிறதா என்பதுதான். எந்த கம்பெனியில் வாங்குவது என்ற உங்கள் கேள்விக்கு, உலக அளவில் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பிடம் அங்கீகாரம் பெற்ற பெரிய பதிவாளர், அதாவது பெயர் விற்கும் கம்பெனி, யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். டாட் இன் பெயர்களை நிர்வகிப்பது நிக்ஸி என்ற இந்திய அமைப்பு. எங்கே வாங்கினாலும் பிற்பாடு வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதற்கு ஒரு கோட் கேட்பார்கள், அதைத் தருவதும் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர்தான்.

லாகின் விவரங்களைக் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். சிரிக்க வேண்டாம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. என் அலுவலகத்தில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. வாடிக்கையாளர்களின் வெப்சைட் எல்லாம் வேறு ஊர் சர்வரில் என்பதால் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் "கடை திறந்திருக்கிறது" என்று ஒரு வரி போடச் சொன்னார். போட முடியவில்லை. எல்லா பாஸ்வேர்டும் மேஜைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு ஃபைலில் தூங்கிக்கொண்டிருந்தன.

பெயர் தேர்வு செய்வதில் நம் மொழிக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. முந்திரி என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். நடுவில் டி வருமா, டிஹெச் வருமா, என்-னுக்கு அப்புறம் என்ன என்று ஆளுக்கு ஆள் மாறும். பெயரைப் போனில் ஒருமுறை சொல்லுங்கள், எதிர்முனையில் இருப்பவர் கேட்காமல் சரியாக எழுதினால் அந்தப் பெயரை எடுங்கள். நடுவில் கோடு, எண், இரட்டை எழுத்து வேண்டாம். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா என்று முடியும் பெயரும் வாங்கலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த முகவரியைக் காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால் சில சமயம் புரியாத எழுத்துக் கோவையாக மாறித் தெரியும், அதனால் அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்ளலாமே தவிர முதல் பெயராக நான் சொல்ல மாட்டேன்.

இப்போது, முழு வெப்சைட் இன்றைக்கே வேண்டுமா? என் எண்ணத்தில் வேண்டாம். முதலில் கூகுளில் கடைப் பதிவு செய்யுங்கள், கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்பார்கள். மேப்பில் கடை தெரியும், நேரம், போன், படம் எல்லாம் போடலாம், முழுக்க இலவசம். இதற்கு யாராவது போன் செய்து காசு கேட்டால் வைத்துவிடுங்கள். இதிலும் அந்தப் பழைய விதிதான்: முதன்மை உரிமையாளராக உங்கள் மெயில், அக்கா மகனோ நிறுவனமோ மேலாளராக. அப்புறம் ஒரே ஒரு பக்கம். அதைக் கூகுள் சைட்ஸ் போன்ற இலவச வசதியில் அரை நாளில் செய்து, நீங்கள் வாங்கிய பெயரை அதில் இணைத்துவிடலாம்; அப்போது ஹோஸ்டிங் செலவும் இல்லை. இலவசம் என்றால் நாளைக்கு நிறுத்திவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். நிறுத்துவார்கள். பிசினஸ் புரொஃபைலோடு சேர்த்துக் கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த குட்டி வெப்சைட்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. கூகுள் கொடுத்த முகவரியையே விசிட்டிங் கார்டில் அடித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். சொந்தப் பெயர் வாங்கி இணைத்திருந்தவர்கள் பக்கத்தை வேறு இடத்தில் செய்து, பெயரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். வாங்குகிறவருக்கு எதுவும் மாறவில்லை.

வேர்ட்பிரஸ் ஏன் சொல்லவில்லை என்று அக்கா மகன் கேட்பான். வெப்சைட் செய்ய நல்ல மென்பொருள், நானே அதில்தான் நிறைய செய்கிறேன். ஆனால் அது வளர்ப்பு மாடு மாதிரி, தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். நான் செய்து கொடுத்த ஒரு நர்சரிக் கடை வெப்சைட்டை எட்டு மாதம் அப்டேட் செய்யாமல் விட்டேன், தப்பு என்னுடையதுதான். ஒருநாள் கூகுளில் கடைப் பெயரைத் தேடினால் ரோஜாக் கன்றுக்குப் பதிலாக ஜப்பானிய எழுத்தில் கைப்பை விற்பனை. சுத்தம் செய்ய மூன்று நாள் ஆயிற்று, கூகுளில் அந்தக் குப்பை மறைய அதற்கு மேல். பையன் காலேஜ் முடித்து சென்னை போய்விட்டால் மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

ஒரு பக்கத்தில் என்ன எழுதுவது? "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று எழுதாதீர்கள். வாங்குகிறவருக்குத் தெரியாததை எழுதுங்கள். உங்கள் தொழிலில் டபிள்யூ 180, 240, 320 என்கிறீர்களே, அது என்ன என்று உங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எண் பெரிதானால் பருப்பு பெரிது என்றே நினைக்கிறார்கள். அது ஒரு பவுண்டு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை முழுப் பருப்பு என்ற கணக்கு என்றும், 180 என்றால் கிலோவுக்கு 400-க்குள், 240 என்றால் 500 சொச்சம், 320 என்றால் 700-ஐ ஒட்டி வரும் என்றும் நீங்கள் எழுதினால், அதைப் படித்தவர் அடுத்த கடையில் போய் "இது எத்தனையாம் நம்பர்" என்று கேட்பார். பாயசத்துக்கு முழுப் பருப்பு எதற்கு, உடைத்ததே போதும், கிலோவுக்கு இவ்வளவு மிச்சம் என்று எழுதுங்கள். விற்பனை குறையாது, நம்பிக்கை வரும். அப்புறம் விலை, கூரியர் செலவு, எந்தெந்தக் கிழமை அனுப்புவீர்கள், உடைந்து வந்தால் என்ன செய்வீர்கள், கடைக்கு வர வழி. அவ்வளவுதான்.

படத்தை நீங்களே எடுக்கலாம். காலை பத்து மணிக்கு ஜன்னல் ஓரம் வெள்ளை வேட்டியை விரித்து, மூன்று தரத்திலும் பத்துப் பத்துப் பருப்பு பரப்பி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். அளவு புரிய அந்த நாணயம் போதும். ஃபிளாஷ் போடாதீர்கள், பருப்பு மாவு மாதிரி வெளுத்துவிடும். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் மூன்று, நான்கு எம்பி இருக்கும். அதைச் சுருக்கி 200 கேபி அளவுக்குக் கொண்டுவந்துதான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறவர் பாதியில் மூடிவிடுவார். அக்கா மகனுக்கு இது தெரியும்.

தமிழில் எழுதும்போது ஒரு எச்சரிக்கை. பழைய நோட்டீஸ் வாசகத்தை அச்சகத்திலிருந்து வாங்கி அப்படியே ஒட்டாதீர்கள். அச்சகங்களில் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்திருப்பார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் அது தமிழ், உங்கள் வெப்சைட்டில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமான கந்தர்கோளம். எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன, மாற்றிய பிறகு கொம்பும் காலும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ஊர்ப் பெயரைப் புதுச்சேரி என்றும் பாண்டிச்சேரி என்றும் இரண்டு விதமாகவும் எங்காவது எழுதுங்கள். அரசு 2006-இல் பெயரை மாற்றிவிட்டது, தேடுகிறவர்களில் பலர் இன்னும் மாறவில்லை.

ஆர்டருக்கு இப்போதைக்கு வாட்ஸ்அப் பட்டன் ஒன்று போதும். தொட்டால் உங்கள் நம்பருக்கு "240 ஒரு கிலோ வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதிய செய்தியோடு திறக்கும்படி வைக்கலாம். நம்பருக்கு முன் 91 சேர்க்க வேண்டும், கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. பட்டன் வேலை செய்யவில்லை என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் தவறுவது அங்கேதான். ஆன்லைனில் கார்டு, யுபிஐ எல்லாம் வாங்கும் பேமெண்ட் கேட்வே பிறகு வரட்டும். அதில் பொதுவாக நூற்றுக்கு இரண்டு ரூபாயும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். ஆயிரம் ரூபாய் ஆர்டரில் 23 ரூபாய் 60 காசு. உங்கள் க்யூஆர் கோடை அனுப்பி வாங்கினால் அது இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து ஆர்டர் வரை கையால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் யார் கட்டினார்கள், யார் கட்டவில்லை என்பதில் குழப்பம் வரும், அப்போது கேட்வேக்கு விண்ணப்பியுங்கள். பணம் திருப்பித் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, முகவரி என்று தனித்தனிப் பக்கங்கள் இருந்தால்தான் ஒப்புதல் தருவார்கள். பக்கத்தில் கடையின் சட்டப்படியான பெயர், முகவரி, புகாருக்கு ஒரு ஆள் என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகளும் கேட்கின்றன. உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் எண், லேபிளில் இருக்க வேண்டும், பக்கத்திலும் போடுங்கள்.

உங்கள் ஊரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன், ஏனென்றால் இது என் தொழில் இல்லை. அரியாங்குப்பத்திலிருந்து தெற்கே வந்தால் முள்ளோடை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. ஜிஎஸ்டி எண் புதுச்சேரிக்கு 34-இல் ஆரம்பிக்கிறது, எங்களுக்கு 33. நீங்கள் கடலூருக்கு ஒரு கிலோ பார்சல் அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கிறவர், வருட விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஜிஎஸ்டி பதிவு செய்தாக வேண்டும் என்பது பொது விதி. கைவினைப் பொருளுக்கு விலக்கு உண்டு, முந்திரிக்கு இல்லை. உள்ளூர் விற்பனைக்கான வரம்பிலும், சரக்குக்கு 40 லட்சம் என்று எல்லோரும் சொல்வது தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரிக்கு 20 லட்சம். கடையில் உட்கார்ந்து விற்றவரைக்கும் இது பெரிதாகத் தொட்டிருக்காது. வெப்சைட் போட்டால் முதல் ஆர்டரே கடலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரலாம். பக்கத்தைத் திறக்கும் முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள், உங்கள் கணக்கைப் பார்த்து அவர் சொல்வதே முடிவு.

இதுவரை சொன்னதில் பெயர், கணக்கு, செலவு பற்றியவை எனக்கு உறுதி. உறுதி சொல்ல முடியாதது, வெப்சைட்டால் எத்தனை ஆர்டர் வரும் என்பது. நான் செய்த கடைகளில் சிலவற்றுக்கு இரண்டே மாதத்தில் வெளியூர் ஆர்டர் வந்தது, சிலவற்றுக்கு வருடக் கணக்கில் வழி கேட்டு வரும் போன் மட்டும்தான் வந்தது. ஒரே மாதிரிதான் செய்தேன். கூகுளில் முதல் பக்கத்தில் வரவைக்கிறேன் என்று உத்தரவாதம் கொடுத்துக் காசு கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை, நீங்களும் வேண்டாம்.

லேபிள் பற்றி: பெயர் உங்கள் கணக்கில் வந்து, பக்கம் உங்கள் போனிலும் பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் திறப்பதைப் பார்த்த பிறகு அச்சுக்குக் கொடுங்கள். தீபாவளிக்குள் முடியாவிட்டால் இந்த முறை போன் நம்பரோடு மட்டும் அடியுங்கள், அதுவும் ஐந்நூறுக்கு மேல் வேண்டாம்.